எட்மண்ட் சாரின் கேசட் விமர்சனம்

எட்மண்ட் அன்று காலை ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனிமேல் சேலையூரில் அவர் வீட்டுக்குள் பாட்டுப் பத்திரிகை நுழையக் கூடாது. நுழைந்தால் ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை அவர் இருக்க வேண்டும். பதினைந்து வருஷமாகக் கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர் அவர். அவர் மகள் ஜெசிந்தா, எவனோ எழுதியதைப் படித்துவிட்டுப் பாட்டைப் பற்றி அவரிடமே பேசுவதா? அவர் மானம் என்ன ஆவது?

"அருள்மேரி! அடுத்த மாசத்துலேர்ந்து இந்தக் குப்பையை நிறுத்து. இதுல எழுதறவன் எவனும் கேசட்டைக் கேக்கறதே இல்ல. அட்டையைப் பாத்தே அளந்து விடறான். காலேஜ் பசங்க அதை நம்பிக் கெட்டுப் போவுதுங்க."

அவர் மனைவி அருள்மேரி பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஜெசிந்தாதான் கிதாரைக் கீழே வைத்தாள். அந்தப் பத்திரிகையின் பாடத்தைப் பார்த்துத்தான் அவள் கிதாரே கற்றுக்கொண்டாள்.

"நம்பறதுக்கு யாருப்பா வாங்கறா? போன மாசம் ஆஹா ஓஹோன்னு எழுதின கேசட்டைக் கேட்டேன். சகிக்கல. அவங்களுக்கே திட்டி எழுதிப் போட்டேன். நான் சண்டை போடத்தான் வாங்கறேன். நிறுத்த மாட்டேன்."

"என் எதிர்லயே மாட்டேங்கறியா?"

"ஆமா. மாட்டேன்."

"ஏங்க, அவகிட்ட எதுக்குக் கத்தறீங்க?" என்றாள் அருள்மேரி. "இந்த மாசம் ஒரு கேசட்டைத் தூக்கி வச்சு எழுதியிருக்கான். அதை நீங்களே கேளுங்க. ஞாயித்துக்கிழமை தீர்ப்பு சொல்லுங்க. மோசம்னா பத்திரிகையை நிறுத்திடலாம்."

"நான் சொன்னா சொன்னதுதான்?"

"கேட்டுட்டு சொன்னா, சொன்னதுதான்."

மறுநாள் காலை அவள் கொடுத்த கேசட்டை எட்மண்ட் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். அது தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை போனது, வந்தது. ஆபீஸ் கேன்டீனில் டிபன் பார்த்தது. டேப்ரெக்கார்டரை மட்டும் பார்க்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? பதினைந்து வருஷத்துக் காது!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஓசிப் பேப்பர் படிக்கப் பக்கத்து வீட்டு சவுரிமுத்து வந்து உட்கார்ந்தார்.

"இன்னா சார், கேசட்டு எப்டி கீது?"

எட்மண்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முழுசா ரெண்டு தடவை கேட்டேன். தலைவலி வந்ததுதான் மிச்சம். டிரம்ஸ் போட்டு இடிக்கறான். பாடின பொம்பளைக்குக் குரலா அது? தொண்டைல மீன்முள்ளு மாட்டின மாதிரி! சுருதி ஒரு பக்கம் போவுது, அவ ஒரு பக்கம் போறா."

"ரெண்டு தடவையும் அதே குரல்தானா?" என்று அருள்மேரி கேட்டாள்.

"அதேதான். செத்தாலும் மறக்காது."

அவள் கேசட்டை வாங்கி டப்பாவைத் திறந்தாள். டப்பாவும் அட்டையும்தான் புதுசு. உள்ளே இருந்தது ஒரு பழைய கேசட். அதன் மேல் ஓரத்தில் உடைந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. பழைய கேசட்டில் மறுபடி பதிவு செய்ய எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். அருள்மேரி அதை டேப்ரெக்கார்டரில் போட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

"ஏங்க, அருள்மேரி பேசறேன். புது கேசட்டு ஜெசிந்தாகிட்ட பத்திரமா இருக்கு. இதைக் கேட்டீங்கன்னா, கேட்டேன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்னிக்கே பத்திரிகையை நிறுத்திடறேன்."

அதற்கப்புறம் வெறும் இரைச்சல்.

சவுரிமுத்து பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

"அப்பா, அந்தப் பத்திரிகையில விமர்சனம் எழுத ஆள் கேட்டிருக்காங்க. உங்க பேரைக் குடுக்கட்டுமா?" என்றாள் ஜெசிந்தா.

"வாங்கித் தொலைங்க! எத்தனை பத்திரிகை வேணுமோ வாங்குங்க!" எட்மண்ட் அப்போதும் குரலைத் தாழ்த்தவில்லை. "முதல்ல சோத்தைப் போடு!"

தட்டு வந்தது. சோறு இருந்தது. குழம்பு இருந்தது. ஓரமாக நாலு முள் இருந்தது.

"மீன் எங்கடி?"

"கேக்காமலே பாட்டு தெரியுது. தின்னாமலே மீன் ருசி தெரியாதா?"