கடலைத் தோண்டியவர்

போர்வெல் வண்டி தெருவுக்குள் நுழைந்ததும், யாரும் கூப்பிடாமலே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பணம் கொடுக்கும் வீட்டுக்காரரையே ஓரமாகத் தள்ளிவிட்டு உத்தரவு போடும் ஒரு மனித இனம் உண்டு. நூறடிக்காரர் என்று பெயர். தண்ணீர் வரவில்லையா? இன்னும் நூறடி இறக்கு. வந்துவிட்டதா? அப்படியும் நூறடி இறக்கு.

காரைக்குடி செக்காலைத் தெருவில் இருக்கும் சேவுகன் இந்த இனத்துக்கே தலைவர். சேற்றை விரலில் தேய்ப்பார், முகர்வார், கண்ணை மூடுவார், அடியில் ஓடும் ஊற்று தமக்கு மட்டும் கேட்பதுபோலத் தலையாட்டுவார். காரைக்குடியில் ஆழத்தில் நல்ல தண்ணீர் கிடப்பது பூமியின் ஏற்பாடு. சேவுகனுக்கோ, தாமே ராவெல்லாம் சுமந்து ஊற்றி வைத்ததுபோல் பெருமை.

மகள் சத்தியப்பிரியாவைத் தொண்டிப் பக்கம் கடலோரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் வீட்டுக் கிணறு லேசாகக் கரிக்கத் தொடங்கியது. மழை மாதக்கணக்கில் வருவதில்லை. வந்தால் ஒரே நாளில் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. கடலோ வருடா வருடம் கொஞ்சம் ஏறி வந்து எட்டிப் பார்க்கிறது. மணலுக்குள் மேலாக மிதக்கும் மழைத் தண்ணீர்தான் அவளுக்குக் குடிக்க. அதுவும் மெலிந்துகொண்டே வந்தது. அதற்கு அடியில் உப்பு. சேவுகன் சும்மா இருப்பாரா? வண்டியோடு போய் இறங்கிவிட்டார்.

"வேணாம் மாமா, கீழ கடல்தான் கெடக்கு" என்றார் மாப்பிள்ளை உதயகுமார்.

"என்ன மாப்பிள்ளை, இப்புடிப் பயப்படுறீக? கடல் அங்குட்டு இருக்கு. நாம இங்குட்டுல்ல தோண்டுறோம்!"

"அங்குட்டே இருக்கச் சொல்லிக் கடலுக்கு யாருப்பா சொன்னது?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு ஆத்தா. எங்க ஊர்ல ஆழம் போகப் போக இனிக்கும்."

"இது உங்க ஊரு இல்லப்பா."

இறக்கினார்கள். தண்ணீர் பீறிட்டது. சேவுகன் சுற்றி நின்றவர்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான். கொஞ்ச நாள் மோட்டார் ஓடியது. அப்புறம் போர் உப்பானது. அது இழுத்த இழுப்பில் பக்கத்திலிருந்த அவள் பழைய கிணறும் சேர்ந்து உப்பானது. பருப்பு வேகவில்லை. முருங்கை கருகியது. மகளுக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர் போயே போய்விட்டது.

அடுத்த தடவை சேவுகன் போனபோது, அவள் அந்தத் தண்ணீரிலேயே காப்பி போட்டு நீட்டினாள். பால் திரிந்து மிதந்தது.

"எப்புடிப்பா இருக்கு?"

ஊரார் தண்ணீருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன அந்த நாக்கு, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லாருக்கு ஆத்தா" என்றது.

இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் நல்ல தண்ணீர்க் கேன்களோடு மகள் ஊருக்குப் பஸ் ஏறுகிறார். "என்னண்ணே, கடலுக்கே தண்ணி கொண்டு போறீகளா?" என்கிறார் கண்டக்டர். சேவுகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கேன் சாயாமல் ஒரு கை மட்டும் பிடித்திருக்கிறது.

திருந்திவிட்டாரா? அதெப்படி! போன வாரம்கூட நேமத்தான்பட்டியில் ஒரு போர்வெல் வண்டிக்கு முன்னால் நின்று உத்தரவு போட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்கள் யோசனை சொன்ன வீட்டில் யாராவது காப்பியைக் கொடுத்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால், தூளைக் குறை சொல்லாதீர்கள்.