மெஷினுக்குக் காய்ச்சல் பார்த்தவர்

கோயம்புத்தூரில் மெஷின் வைத்திருப்பவர்கள் ஆயிரம் பேர் உண்டு. பெற்ற பிள்ளைக்குப் பார்ப்பதைப்போல அதற்குக் காய்ச்சல் பார்த்த ஒரே ஆள், காந்திபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார். வீதிக்கே அவர் காய்ச்சல்காரர். சொந்தப் பெயர் தபால்காரருக்கே தெரியாது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் ஊருக்குள் பரவிக்கொண்டிருந்தது. இவர் ஒன்றை வாங்கி வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தார். அதற்குள் ஏதோ ஒரு சாப்ட்வேர் போட்டிருந்தார்; பெட்டிக்குள் எத்தனை டிகிரி சூடு என்று திரை மூலையில் எண் காட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எண் நன்றாகவே தெரியும். அந்த எண்ணைப் பார்த்தபடியேதான் அவர் சாப்பிடுவார், பேசுவார். இருந்த ஒரே மின்விசிறியும் பெட்டிக்குத்தான். இவர் வேர்த்து ஊற்ற, யாருடைய கல்யாணப் பத்திரிகையாலோ விசிறிக்கொள்வார். மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாக வந்துவிட்டால், "ஏனுங்க, ரெண்டு பேரு வெளிய நில்லுங்க. மூச்சுக்காத்துல சூடு ஏறுதுங்க" என்பார்.

இதையெல்லாம் சிரித்துப் பொறுத்துக்கொண்டேன். என் அடுப்பில் கை வைத்தபோதுதான் பொறுக்கவில்லை. நான் விறகடுப்புக்காரி. புகைபோக்கி அவர் அறைச் சுவரை ஒட்டித்தான் மேலே போகும். நான் அடுப்புப் பற்றவைத்தால் அங்கே எண் ஏறும். உடனே மாடிப்படியில் தலை தெரியும்.

"ஏனுங்கம்மா, இன்னைக்குக் கச்சாயஞ் சுடறீங்ளா?"

"ஆமாங். வெல்லப் பலகார வாசம் வந்துருச்சுங்களா?"

"இல்லீங்க. நாலு டிகிரி ஏறிப்போச்சுங்க. சோறாக்குனா ரெண்டுதானுங்க ஏறும்."

அதோடு விட்டாரா? ஆடி நோம்பியன்று விருந்தாளிகள் முன்னாலேயே கேட்டார்: "ஒரு கேஸ் அடுப்பு வாங்கிக்கலாமில்லீங்களா?"

வீதியே சாப்பிட்ட அடுப்பு அது. எனக்கு வந்ததே கோபம்.

"ஒண்ணாந்தேதிக்கு ரூமைக் காலி பண்ணிப்போடுங்க."

மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. தினமும் வேறு அறை தேடி அலைந்தார். கிடைத்ததெல்லாம் தகரக் கூரை. தகரத்துக்கு அடியில் கம்ப்யூட்டரும் பிழைக்காது, தன் பிழைப்பும் நிற்காது என்று வீதியில் புலம்பினார். என்னிடம் வந்து கெஞ்சவில்லை. நானும் இறங்கி வரவில்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, பின்பக்கம் குழாயடியில் வழுக்கி விழுந்தேன். கால் அசையவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான். கத்திப் பார்த்தேன், மேலே விசிறியும் பிரிண்டரும் போட்ட இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? வெயில் ஏறி முகத்துக்கே வந்துவிட்டது.

திடீரென்று படியில் தடதடவென்று சத்தம்.

"அம்மா! எங்கிருக்கீங்க?"

"இங்கதானுங் தம்பி... எப்புடிங் தெரிஞ்சுது?"

"மத்தியானமாச்சு, எண்ணு ஏறவே இல்லீங்க. இவங்க அடுப்பு பத்தவெக்காம இருக்க மாட்டாங்களேன்னு ஓடியாந்தேன்."

ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுக் கொண்டுவந்து கட்டிலில் சாய்த்தார். சுளுக்குதான். பிறகு என் அடுப்பில் அவரே விறகு வைத்து, கண் எரிய எரிய ஊதிக் கஞ்சி காய்ச்சினார். மேலே எண் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

கஞ்சியை நீட்டியபடி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இன்னும் ரூம் அமையலீங்கம்மா. ஒரு வாரம் மட்டும்..."

ஒரு வாய் குடித்தேன்.

"உப்புப் பத்தல கண்ணு. நாளைக்குப் பாத்துப் போடு."