மாப்பிள்ளை சொன்ன மூன்று அடுக்கு

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால், நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் நலத்தையும் என் மகள் பாப்பாவின் நலத்தையும் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும். எனக்கு உங்கள் மேல் கோபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெண்ணைக் கொடுத்த இடத்தில் கோபப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது. மனதில் உள்ளதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய சைக்கிள் நல்ல சைக்கிள். நாற்பது வருஷம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தே சர்க்கரையை ஏற்றிக்கொண்ட மனுஷன் இனிமேலாவது கடைக்கு மிதித்துக்கொண்டு போகட்டும் என்று நினைத்தீர்கள், அது பெரிய மனசு. அதோடு நிறுத்தியிருக்கலாம். பின்னாலேயே ஒரு பெரிய பொட்டலம் வந்தது. அதில் ஒரு மழைக்கோட்டு, அதற்கு ஜோடியாகக் கால்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று. கூடவே போனில் நீங்கள் கூப்பிட்டீர்கள். “மாமா, இது வெயிலும் மழையும் மாறி மாறி வர்ற சமயம். உள்ள வேர்வையை உறிஞ்ச ஒண்ணு, நடுவுல சூட்டுக்கு ஒண்ணு, மேல காத்து மழைக்கு ஒண்ணு. காலையில உங்க போன்ல வானிலையைப் பாத்துட்டு எத்தனை அடுக்குன்னு முடிவு பண்ணுங்க” என்றீர்கள். துணிக்குள் துணி வைத்து லைனிங் தைத்தே வயிறு வளர்த்தவனுக்கு அடுக்கு என்றால் என்ன என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். நானும் சரிங்க மாப்பிள்ளை என்றேன். என் போனில் வானிலை ரொம்ப நாளாகவே இருக்கிறது. மற்ற எழுத்து பொடியாக இருப்பதால் படத்தையும் அதன் கீழே பெரிதாக வரும் ஒரு வரியையும் மட்டும் பார்ப்பேன். மேகம் என்றால் மழை, மஞ்சள் வட்டம் என்றால் வெயில்.

முதல் நாள் மேகம் போட்டு, எட்டு மணிக்குமேல் கனமழை என்று காட்டியது. வெளியே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இருந்தாலும் படித்த மாப்பிள்ளை சொல்லிவிட்டாரே என்று மழைக்கோட்டையும் கால்சட்டையையும் மாட்டி, தலைக்கு மூடியையும் இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன். தெரு முழுக்க வெயில். சலூன்காரர் கையில் கத்தியோடு வாசலுக்கே வந்து, “அண்ணே, தேன் எடுக்கவா போறீங்க?” என்று கேட்டார். அவர் நாற்காலியில் பாதி முகம் சவரம் செய்த நிலையில் இருந்தவரும் எழுந்து வந்து பார்த்தார். கடைக்குப் போய்க் கோட்டைக் கழற்றினால் வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை, உள்ளே நான் பிழிந்து காயப்போடும் பதத்தில் இருந்தேன். அடுத்த வாரம் மஞ்சள் வட்டம். மெல்லிசாக வெள்ளை அரைக்கைச் சட்டை ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு போனேன். பாதி வழியில் கொட்டியது பாருங்கள், சட்டை உடம்போடு ஒட்டி, உள்ளே இருந்த பனியனின் கிழிசல் ஊருக்கே தெரிந்துவிட்டது. கடை வாசலில் காத்திருந்த வாடிக்கையாளர் அம்மா தான் கொண்டுவந்த ரவிக்கைத் துணியை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, “முதல்ல உங்க பனியனைத் தைங்க, அப்புறமா வர்றேன்” என்று போய்விட்டார். எங்கள் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சம்பளம் கொடுக்கும் ஆள் அவர்.

போன் பொய் சொல்கிறது என்றால் அதைப் பார்க்காமல் விடலாமே என்று கேட்பீர்கள். உங்கள் அத்தை ஏற்கனவே கேட்டுவிட்டாள். மாப்பிள்ளை பேச்சை மீறிக் கெட்டுப்போனேன் என்ற பேர் எனக்கு வேண்டாம். கேட்டே கெட்டுப்போகிறேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். திங்கட்கிழமை நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் எல்லோருக்கும் புதுச் சீருடை தைக்க ஆள் தேடுகிறார்கள். ஆயத்த ஆடைக் கடை வந்த பிறகு என் கடையில் மிஷின் சத்தம் பாதி நாள் கேட்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஆர்டர் வந்தால் கடை இருக்கும், இல்லாவிட்டால் பூட்டிவிட்டு வீட்டில் உங்கள் அத்தைக்கு எதிரே உட்கார வேண்டியதுதான். இரண்டு மாதிரி தைத்து, மடிப்புக் கலையாமல் அட்டைப் பெட்டியில் வைத்து, சைக்கிள் கேரியரில் கட்டினேன். போனைப் பார்த்தேன். மேகம், குளிர்காற்று. மூன்று அடுக்கும் போட்டேன். இரண்டாவது தெருவிலேயே வெயில் ஏறிவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டினேன், அதன் கை சங்கிலியில் மாட்டிக்கொண்டு மை பூசியது. கம்பளிச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றப் பார்த்தேன், அது பாதியில் மாட்டிக்கொண்டது. கண் தெரியாமல் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தபோது யாரோ ஒரு புண்ணியவான் இழுத்துவிட்டார். மூச்சு வாங்க, முகம் சிவக்க, இடுப்பில் ஒரு சட்டை, தோளில் ஒரு சட்டையோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் வாசலிலேயே சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். “நான் டெய்லருங்க” என்றேன். “ஆமாங்க, ஆமாங்க, முதல்ல உட்காருங்க” என்றது ஒரு சின்ன நர்ஸ். நாடி பார்த்தார்கள். சைக்கிள் மிதித்தவனுக்கு நாடி எப்படி இருக்கும்? உடனே படுக்கையில் போட்டுவிட்டார்கள். என் மாதிரிப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, வீட்டுக்குத் தகவல் சொல்லவும் ஆள் அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைமையான மேட்ரன் அம்மா வந்தார். பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “உங்களுக்கு என்ன உடுத்தணும்னே உங்களுக்குத் தெரியல. எங்க பொண்ணுங்களுக்கு என்னத்தத் தைப்பீங்க? எதுக்கும் வியாழக்கிழமை வாங்க” என்றார். மாப்பிள்ளை, இந்தக் கைகளால் எத்தனை பேருக்கு அளவெடுத்திருக்கிறேன். இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. ரொம்ப வலித்தது.

நாளைக்கு வியாழக்கிழமை. எட்டு மணி முதல் கனமழை என்று போன் காட்டுகிறது. அந்தத் தேனெடுக்கும் கோட்டைத்தான் போடப்போகிறேன். ஆர்டர் போனால் பொறுப்பு உங்களுடையது. சைக்கிளையும் பொட்டலத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் அனுப்பவும். தாமதமானால் உங்கள் அத்தை பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவதாக இருக்கிறாள். இதில் ஏதாவது ஒரு சொல் கடுமையாக இருந்தால், அது நான் வேண்டுமென்றே எழுதியதுதான்.

நீங்களும் பாப்பாவும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: வியாழக்கிழமை சாயங்காலம் எழுதுவது. காலையில் மழைக்கோட்டின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது பாப்பா போனில் கூப்பிட்டாள். “அப்பா, வேலைக்குக் கிளம்பி பாதி வழியில நனைஞ்சு போய் ஒரு கடை வாசல்ல நிக்கிறேன். இங்க ஒரே மழை” என்றாள். “தெரியுமே, எட்டு மணியிலேருந்து கனமழைன்னு போட்டிருக்கே” என்றேன். “அப்பா, உங்க போன்ல வானிலைக்கு மேல என்ன ஊர் போட்டிருக்கு, கண்ணாடி போட்டுப் பாருங்க” என்றாள். பார்த்தேன். உங்கள் ஊர்.

கல்யாணமாகி அவள் அங்கே வந்த முதல் வாரம், குடை எடுக்காமல் போகிறவளாயிற்றே என்று, போன் கடைக்காரரிடம் சொல்லி அந்த ஊரைப் போட்டு வாங்கியது நான்தான். மூன்று வருஷமாகத் தினம் காலையில் பார்த்துப் பார்த்து, அது அவள் ஊர் என்பதே மறந்து, வானிலை என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மேலே எழுதிய அத்தனையையும் படிக்காததாக எண்ணவும்.

கோட்டைக் கழற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்து, நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மேட்ரன் அம்மா என் காலரைப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “இதே மாதிரி காலர் வைங்க” என்றார். அவ்வளவுதான், ஆர்டர் நமக்கு. சைக்கிள் இங்கேயே இருக்கட்டும்.

போனில் ஊரை மாற்றிக்கொள்ளச் சொன்னாள் பாப்பா. சரி என்றேன். மாற்றப்போவதில்லை. ஆனால் மாப்பிள்ளை, ஒன்று கேட்க வேண்டும். மாமனாருக்கு மழைக்கோட்டு வாங்கத் தெரிந்த உங்களுக்குப் பெண்டாட்டிக்கு ஒன்று வாங்கத் தோன்றவில்லையே, அது ஏன்? என்னுடையதையே கையிலும் நீளத்திலும் பிடித்துத் தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அளவு கேட்க வேண்டியிருக்கவில்லை. நாளை மறுநாளும் அங்கே மேகம் போட்டிருக்கிறது.