பீரோ மேலிருந்த எட்டுப் பெட்டிகள்

ஓண்டா,
ஜனவரி 3

பெருமதிப்பிற்குரிய அக்கா எர்மென்சியாவுக்கு, தம்பி தெயோஃபிலோ பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் நூபியாவும் வெயில் ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். புகாரமாங்காவில் உனக்குப் பொருத்தியிருக்கும் புதிய முழங்கால், பழையதைவிடச் சொன்ன பேச்சைக் கேட்கும் முழங்காலாக அமைய வேண்டுமென்று கன்னி மரியாளிடம் தினமும் விண்ணப்பித்து வருகிறேன். மகன் அனுப்பிய பெட்டிகளைத் திறந்து பார் என்று நவம்பரில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அதில் என்னைக் கழுதை என்று மூன்று இடங்களில் குறிப்பிட்டிருந்தாய். மூன்றும் பொருத்தமான இடங்களே என்பதை ஒப்புக்கொள்ளவே இக்கடிதம்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். பர்க்கேஸ் பலகையில் எனக்கு இந்த ஊரில் ஒரு பெயர் உண்டு. நான்கு நிறம், இரண்டு பகடை, வெட்டுப்பட்ட காய் சிறைக்குப் போகும், ஜோடி விழுந்தால்தான் வெளியே வரும், இவ்வளவுதான் விளையாட்டு என்றாலும் நாற்பது வருடம் நிலம் அளந்தவனுக்குக் கட்டத்தை எண்ண வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். எட்டு வருடத்துக்கு முன்னால், என் மகன் அன்செல்மோ ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முந்தி, ஞாயிற்றுக்கிழமை ஆடிக்கொண்டிருந்தோம். அவனுடைய கடைசிக் காய் பழமாவதற்கு ஒரே ஒரு வீச்சு பாக்கி. அதற்கு முந்தின வீச்சில் அவன் என் காயை வெட்டியிருக்கலாம், வெட்டவில்லை. வெட்ட வேண்டியதை வெட்டாமல் விட்டவனுடைய காயை, கண்டுபிடித்தவர் வாயால் ஊதிச் சிறைக்கு அனுப்பலாம் என்பது சட்டம். நான் ஊதினேன். "அப்பா, நீங்கன்னுதான் விட்டேன்" என்றான். "சட்டத்துல விடுறதுன்னு ஒண்ணு கிடையாது" என்றேன். "உங்களுக்கு மனுஷன விட சட்டம் பெருசு" என்று எழுந்து போனான். செவ்வாய்க்கிழமை விமானம். அதற்கப்புறம் பிறந்த நாளுக்கு ஒரு ஃபோன், அதிலும் அவன் அம்மாவிடம்தான் பேச்சு.

ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பெட்டி வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பலகை விளையாட்டு, கூடவே ஒரு சீட்டு: "சுலபமானது. புதிதாக ஆடுபவர்களுக்கு ஏற்றது. நீங்களும் அம்மாவும் ஆடிப் பாருங்கள்." புதிதாக ஆடுபவர்களுக்கு. எனக்கு. அந்தச் சொல்லைப் படித்ததும் வண்ணக் காகிதத்தைக்கூடப் பிரிக்காமல் பீரோ மேலே வைத்துவிடுவேன். அப்படி எட்டுப் பெட்டி சேர்ந்து, மேலே பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவன் தகவல் அனுப்பினான்: டிசம்பர் பத்தொன்பதாம் தேதி மனைவி உல்ரிக்கேயோடு வருகிறேன், இரண்டு வாரம் இருப்பேன், நான் அனுப்பியதில் உங்களுக்கு எது பிடித்தது என்று சொன்னால் அதையே எல்லோரும் ஆடலாம். அக்கா, தகவலை நூபியாவுக்கு வாசித்துக் காட்டினேன். நூபியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எது பிடிச்சதுன்னு கேக்குறான். பல்லிக்கு எது பிடிச்சதுன்னு கேட்டு எழுதுங்க" என்றாள்.

மூன்று வாரத்தில் எட்டு விளையாட்டு கற்றாக வேண்டும். பக்கத்து வீட்டு கஸ்தோதியோவைக் கூப்பிட்டேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர், சட்டம் படிக்கத் தெரிந்தவர். பெட்டியைத் திறந்தால் விதிப் புத்தகம் முழுக்க ஜெர்மன். ஒரு ஜெர்மன்காரருடைய உயிலைத் தன் கையால் பதிந்திருப்பதால் அந்த மொழி தனக்கு ஓரளவு வரும் என்றார் கஸ்தோதியோ. முதல் பெட்டி ரயில் பாதை போடும் விளையாட்டு. மேலே 8+ என்று அச்சிட்டிருந்தது. எட்டுப் பேருக்கு மேல் வேண்டும் என்று கஸ்தோதியோ தீர்ப்புச் சொல்ல, நாங்கள் தெருவில் இறங்கி முடிவெட்டுகிறவர், மீன் கடைக்காரர், அவருடைய மச்சான் என்று எங்களையும் சேர்த்து ஒன்பது பேரைத் திரட்டி உட்கார வைத்தால், உள்ளே நாலே நிறத்தில்தான் ரயில்கள். ஒரு ரயிலுக்கு இரண்டு பேர், மீதி ஒருவர் பயணி என்று ஆரம்பித்தோம். நான் வரைபடத்தின் அளவு தவறு என்றேன், கஸ்தோதியோ போட்ட பாதைக்கெல்லாம் பட்டா கேட்டார், மீன் கடைக்காரரும் மச்சானும் ஒரே ரயிலுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எட்டு என்பது வயசு என்று பிற்பாடு மீன் கடைக்காரருடைய மகள் சொன்னாள். அவளுக்கு வயது ஏழு. இன்னொரு பெட்டியில் ஆடுகிறவர்கள் பேசவே கூடாது, படத்தைக் காட்டித்தான் புரியவைக்க வேண்டும். ஒரு மதியம் முழுக்க நானும் கஸ்தோதியோவும் ஒரு வார்த்தை பேசாமல் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். என்ன ஆட்டம் என்று கடைசிவரை தெரியவில்லை, ஆனால் நூபியா மட்டும், "இது அருமையான ஆட்டங்க, தினமும் ஆடுங்க" என்றாள்.

கடைசிப் பெட்டியில் வெள்ளம். பலகை முழுக்க ஓர் ஊர், நடுவில் ஆறு, ஓரத்தில் மேடு. ஆளுக்கொரு படகு, வீட்டுக் கூரைகள் மேலே சின்னச் சின்ன மரப் பொம்மைகளாகக் குடும்பங்கள். நீல வில்லைகளை ஒவ்வொன்றாக வைக்க வைக்கத் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். இதில் யாரை வெட்டுவது என்று மூன்று நாள் தேடினோம் அக்கா. எதிரி யார் என்று தெரியாமல் ஆடுவது எப்படி. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கசில்தா தமாலே கொண்டு வந்தாள். நீ இங்கிருந்தபோது அவள் இல்லை. ஆற்றங்கரைத் தெருவிலிருந்து ஞாயிறு காலையில் வீடு வீடாக வருவாள், சோளமாவும் கறியும் வைத்து அவள் கட்டுகிற வாழையிலைப் பொதியைப் பிரித்தால் ஆவி வாசலுக்குப் போகும். கூடையை இறக்கிவிட்டுப் பலகையைப் பார்த்தாள்.

"என்ன தோன் தெயோஃபிலோ, வெள்ளமா?"

"இந்தப் புஸ்தகத்தப் படிச்சுப் பாரும்மா, எங்க மூள கலங்கிப்போச்சு" என்று நீட்டினேன்.

"கண்ணாடி கொண்டாரல. படம் போதும்" என்று உட்கார்ந்தாள். ஓரமாக ஒரு பொம்மையை எடுத்துப் பார்த்தாள், படகில் வைத்துப் பார்த்தாள், இரண்டு பேர்தான் கொள்ளுமென்று கண்டுபிடித்தாள். கஸ்தோதியோ பொறுமை இழந்து, "அதெல்லாம் சரி, எதிரி யாரு?" என்று கேட்டார்.

"தண்ணி வருது, எதிரி யாருன்னு கேக்குறீங்களே ஐயா. யாரும் இல்ல. எல்லாரும் ஒரே பக்கம். ஒரு குடும்பம் மூழ்கினாலும் எல்லாருக்கும் தோல்விதான். வெள்ளத்துல வேற எப்படி ஆடுவாங்க?"

ஐந்து நிமிஷம் அக்கா. சட்டம் படித்த இருவர் மூன்று நாளில் கண்டுபிடிக்காததை அந்தம்மா கூடை ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள். அப்புறம் தினமும் காலையில் வந்து எங்களுக்கு வகுப்பெடுத்தாள். நான் பழக்கதோஷத்தில் பக்கத்துப் படகை மறித்தால், "அவர் உங்க ஆளு" என்று கையைத் தட்டிவிடுவாள். நூபியாகூட உட்கார்ந்து ஆட ஆரம்பித்தாள். முப்பத்தாறு வருடக் கல்யாணத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் ஆடியது அதுதான் முதல் தடவை. எனக்கு வாழ்க்கையில் மரியாதை வந்த ஆட்கள் குறைவு, உனக்குத் தெரியும், கசில்தாவை அந்தப் பட்டியலில் உனக்கு அடுத்தபடி எழுதிவிட்டேன்.

அன்செல்மோ வந்தான். இளைத்திருக்கிறான், முன்பக்கம் முடி இல்லை. வாசலில் கை கொடுப்பதா கட்டிப் பிடிப்பதா என்று இருவருக்கும் தெரியாமல், இரண்டும் பாதிப் பாதியாக முடிந்தது. மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே, "எது பிடிச்சதுப்பா?" என்றான். நான் வெள்ளத்தை எடுத்து வைத்தேன். நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்று எதிரி இல்லாத ஆட்டத்தின் விதிகளை ஒவ்வொன்றாக, அளவு நாடா பிடித்த மாதிரி விளக்கினேன். அவன் கன்னத்தில் கை வைத்துக் கடைசிவரை கேட்டான். உல்ரிக்கே ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், அவன் ஜெர்மனில் ஒரு வார்த்தை சொன்னதும் சிரித்துவிட்டுத் தமாலேயைப் பிரிக்கத் தொடங்கினாள். பயணக் களைப்பு, பாவம்.

நான், நூபியா, அன்செல்மோ, கசில்தா, நாலு பேர் ஆடினோம். கஸ்தோதியோ பின்னால் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தண்ணி மளமளன்னு ஏறுது. என் படகு மேட்டுக்குப் பக்கத்துல வந்துடுச்சு, ரெண்டு குடும்பமும் பத்திரம். அன்செல்மோ படகு கோயில் கூரைகிட்ட மாட்டிக்கிச்சு, உள்ள ஒரு சின்னப் பொம்மை. கசில்தா என்னப் பாத்து, "திரும்பிப் போங்க" அப்படிங்குறா.

"போனா நான் மூழ்கிடுவேன்மா."

"அவர் மூழ்கினா நீங்க மேட்டுல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

அக்கா, பலகைதான, மரக்கட்டைதான, ஆனா நான் படகத் தொட்டுத் தொட்டு விடுறேன். ஆட்டத்துல நான் பின்னால போனதே கிடையாது. கரைக்கு வந்த ரெண்டு குடும்பத்தையும் இறக்கிட்டு, படகத் திருப்பினேன். அவன் பொம்மைய ஏத்தினேன். திரும்பி வர நாலு வேணும், பகடையில மூணு விழுந்துச்சு. அடுத்த நீல வில்லை வந்து எங்க எல்லாரையும் மூடிருச்சு. தோத்தாச்சு, ஒரே ஒரு கட்டத்துல. நான் தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கேன். அன்செல்மோ சிரிக்கிறான், சின்னப் பிள்ளையில சிரிப்பானே, தோள் குலுங்க, அதே சிரிப்பு. "பரவால்லப்பா, திரும்பி வந்தீங்கல்ல" அப்படின்னான். நூபியா சமையலறைக்குள்ள போயிட்டா, பாத்திரச் சத்தம் கேட்டுச்சு, கழுவுறதுக்குப் பாத்திரமே இல்ல.

மூணாம் நாள்தான் ஜெயிச்சோம். அன்னைக்கு மதியம் பாலத்து மேல நடந்து போறப்ப நானே பேச்ச எடுத்தேன். "அன்னைக்கு அந்தக் காய நான் ஊதியிருக்கக் கூடாதுடா, நீ என்மேல இருந்த பிரியத்துலதான விட்ட." அவன் ஆத்தைப் பாத்துக்கிட்டே சொன்னான். "அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நான் விட்டுக்குடுக்கல. கவனிக்கவே இல்ல. நீங்க ஊதினதும் வெக்கமாப் போயி அப்படிச் சொல்லிட்டேன்." அப்படின்னா சட்டப்படி நான் ஊதினது சரிதான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு அக்கா. முழுங்கிட்டேன். உன் தம்பி வாழ்க்கையில முழுங்கின முதல் சட்டம் அது. "நானும் எண்ணாம கண்ணாலதான் பாத்தேன், தப்பாக்கூட இருந்திருக்கும்" என்றேன். ரெண்டு பேரும் பொய் சொல்லிட்டோம், ஒருத்தர் அன்னைக்கு, ஒருத்தர் இன்னைக்கு. தோள்ல கையப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ஆகவே, அன்புள்ள அக்கா, பெட்டிகளைத் திறக்கச் சொன்ன உன் தீர்க்கதரிசனத்துக்கு இக்கழுதையின் வணக்கங்கள். மச்சானுக்கு என் மரியாதையும், உன் புதிய முழங்காலுக்கு நூபியாவின் விசேஷ விசாரிப்பும். அது நடக்கப் பழகியதும் நேராக எங்கள் வாசலுக்கு அழைத்து வா. கடவுள் உன்னை மேட்டிலேயே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படியும் தம்பி,
தெயோஃபிலோ பர்ரகான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் ஒரு விஷயம். இன்று காலை நூபியா, எதிரியே இல்லாமல் ஒரு விளையாட்டு செய்தவர் எவ்வளவு நல்ல மனுஷனாக இருக்க வேண்டும் என்று உல்ரிக்கேயிடம் புகழ்ந்துகொண்டிருந்தாள். உல்ரிக்கே மெல்ல, யோசித்து யோசித்து நம் பாஷையில், "அத்தை, அதுல அதிகமா காப்பாத்துற ஒருத்தர்தான் ஜெயிப்பாங்க. மத்தவங்க படகக் கவுக்கணும்" என்றாள். நான் அன்செல்மோவைப் பார்த்தேன். அவன் ரொட்டியைப் பார்த்தான். "ஆமாப்பா, அங்க அப்படித்தான் ஆடுவோம். நான்தான் முதல்ல உல்ரிக்கே படகக் கவுப்பேன்" என்றான். "பின்ன ஏன்டா ரெண்டு வாரமா சொல்லல?" என்றேன். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் நல்லாருந்துச்சு" என்றான். கசில்தாவிடம் யாரும் சொல்லக் கூடாது என்று வீட்டில் தீர்மானம் போட்டிருக்கிறோம், நீயும் கையெழுத்துப் போட்டதாக எடுத்துக்கொள்கிறேன். விதிப் புத்தகத்தை நூபியா நாலாக மடித்து, விளையாடுகிற மேசையின் ஒரு காலுக்கு அடியில் சொருகிவிட்டாள். மேசை இப்போது ஆடுவதில்லை. நாங்கள்தான் ஆடுகிறோம்.