மாம்புரியில் ஒரு சத்தமும் இல்லை

"விடிய வெள்ளன போட் இஞ்சின் சத்தம் இஞ்ச கேக்குமா?"

கையிலிருந்த பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டார் கொழும்பிலிருந்து வந்தவர். விடுதிக்காரி ஸுஹைரா பதறிக்கொண்டு பதில் சொன்னாள்.

"கேக்கவே கேக்காது சேர்."

"பாண்காரர் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவாரா? சேவல் ஏதும்?"

"ஒண்டுமே இல்ல சேர். இது அமைதியான இடம்."

அவர் முகம் சுருங்கிப்போனது. நம்பவில்லையாக்கும் என்று நினைத்தாள் ஸுஹைரா.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அந்த இரண்டு அறை விடுதியை அவளும் புருஷன் முத்தலிபும் திறந்து ஐந்து மாதம்தான். போன மாதம் தங்கிய ஒரு சோடி, சேவல் நித்திரையைக் கெடுத்தது என்று இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வந்த முதல் ஆள் இவர். இவரும் அப்படி எழுதினால் முத்தலிபு திரும்பவும் கட்டாருக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான். எட்டு வருஷம் தொலைபேசியிலேயே குடும்பம் நடத்தியது அவளுக்குப் போதும் போதுமென்றிருந்தது.

முதலில் சேவல். பக்கத்து வீட்டு றோசமேரியிடம் கெஞ்சி வாங்கிவந்து, தன் அலுமாரிக்குள் பூட்டினாள். இருட்டில் கூவாதாம். அது விடிந்ததா இல்லையா என்று விளங்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூவியது. அலுமாரி ஒலிபெருக்கி மாதிரி அதிர்ந்தது.

விருந்தாளி அறையிலிருந்து பாய்ந்து வந்தார். "எங்க அந்தச் சேவல்? எங்க?"

"இனிக் கூவாது சேர்! சத்தியமாக் கூவாது!"

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"பாலாவியில மச்சி வீட்ட கொண்டுபோய் விட்டுட்டு வாங்க," என்றாள் முத்தலிபிடம்.

"பஸ்ஸிலயா?"

"பின்ன, பிளேன்லயா?"

முத்தலிபு சேவலை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மறுநாள் பாண். முச்சக்கரவண்டியில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் விற்கும் ஹில்மி, ஸுஹைராவுக்காகப் பாட்டை நிறுத்திவிட்டு வந்தான். அவன் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பிள்ளைகளைப் பசியோடு பள்ளிக்கு அனுப்பிய பெண்கள் தெருவில் இறங்கி, "பாண் எங்க?" என்று கூச்சலிட்டார்கள். விருந்தாளி செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடிவந்தார். அதற்குள் ஸுஹைரா எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள். அவர் அவளை முறைத்துவிட்டுத் திரும்பினார்.

'ஒரு நட்சத்திரமும் தேறாது' என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஹில்மியின் பாண் முழுவதையும் கூடையில் எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் ஜன்னலால் நீட்டினாள்.

கூடையோடேயே கடற்கரைக்கும் ஓடினாள். காற்றுக்குப் பயந்து இரண்டு நாளாகக் கரையில் கிடந்த சவிரிமுத்துவின் படகு அன்றைக்குத்தான் இறங்க இருந்தது.

"சவிரிமுத்தண்ணே, இண்டைக்கு மட்டும் இஞ்சினைப் போடாம, துடுப்பால போங்களேன்."

"போகலாம் தங்கச்சி. ஆனா ஏலேலோ போடாம எட்டுப் பேரும் ஒண்டாத் தள்ள ஏலாதே!"

"மனசுக்குள்ள போடுங்க அண்ணே."

மனசுக்குள் போட்டதில் ஆளுக்கொரு தாளம். நாலு பேர் தள்ள, நாலு பேர் மூச்சுவிட, படகு சரிந்து சவிரிமுத்துவின் கால் பெருவிரலில் இறங்கியது. அவர் ஆவென்று வாயைத் திறந்தார். சத்தம் வெளியே வருமுன், ஸுஹைரா அரை இறாத்தல் பாணை அந்த வாய்க்குள் திணித்துவிட்டாள். கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

வீட்டுக்கு வந்தால், இன்னும் இரண்டு நாள் தங்கவேண்டிய விருந்தாளி, வரவழைத்த வேனில் ஏறிக்கொண்டிருந்தார்.

"சேர், இண்டைக்கு ஏதும் சத்தம் கேட்டிச்சா?" என்றாள் மூச்சு வாங்க.

"ஒரு பொட்டுச் சத்தமும் இல்ல," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸுஹைராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப ஏன் கோவமாப் போறார்?" என்று சாரதியிடம் குசுகுசுத்தாள்.

நீளமான பெட்டி ஒன்றை வேனுக்குள் தள்ளிக்கொண்டே அவன் சொன்னான்:

"சேர் சினிமாப் படங்களுக்குச் சத்தம் பதியிறவர் ராத்தா, மீன்பிடி ஊர் ஒண்டு விடியக்கொள்ள போடுற சத்தத்தைப் பிடிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தவர்."