காருக்கு அடியில் இருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமியார் எழுதுவது. நீங்களும் என் மகளும் புது ஊரில் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் மாமனாரும் நானும், கை கால் விலா எலும்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, நலமே. விலா எலும்பை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது கீழே தெரியும். இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான். எங்கள் ஷெட்டில் விட்டுப்போன உங்கள் சிவப்புக் காரைத் தயவுசெய்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

போன மாதம் போனில், "ஆயில் மாத்தணும் மாமா, நான் வந்து பாத்துக்கறேன்" என்றீர்கள். அதில் முதல் பாதியை மட்டும் உங்கள் மாமனார் எடுத்துக்கொண்டார். வேலையில் இருந்தவரை தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போட்டவர், ஒரு குழாயைக்கூடக் கையால் தொட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க உங்கள் கார்தான் அகப்பட்டது. ஆனால் அது தரையோடு தரையாகப் படுத்திருக்கிற கார். பூனையே அடியில் நுழையப் பார்த்து, யோசித்து, திரும்பிவிட்டது. முனைக்கடை மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய ஜாக்கியும் நுழையவில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "முதல்ல முன்சக்கரத்தப் பலகை மேல ஏத்துங்க சார், அப்பதான் ஜாக்கி போகும். பின்சக்கரத்துக்குக் கட்டை குடுங்க. கார் புத்தகத்துல காட்டியிருக்கற இடத்துல மட்டும் ஜாக்கிய வைங்க, தப்பா வச்சா அடித்தகடு நசுங்கிடும். தூக்கினதும் ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வச்சு இறக்கிடுங்க. ஜாக்கி தூக்கறதுக்குத்தான், தாங்கறதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பலகைக்கு எங்கே போவது என்று நான் கேட்பதற்குள், எங்கள் கட்டில் எலும்புக்கூடாகி நின்றது.

குறை சொல்லக்கூடாது, சொன்னது சொன்னபடி செய்தார். ஜாக்கி வைக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு அம்புக்குறிகூட வரைந்தார். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டின் மேல் நின்றது. ஆள் அடியில் போகுமுன் தள்ளிப் பார்க்கவேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்ததால் அந்தப் பொறுப்பை நான் ஏற்றேன். முழுப் பலத்தோடு தள்ளினேன். கார் அசையவில்லை, என் இடுப்புதான் அசைந்தது. அப்படியும், கார் அவர் விலா எலும்பின் மேல் வந்து இறங்கிவிடுமோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. "அடியில இருக்கறவரைக்கும் நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். சத்தம் நின்னுச்சு, நான் தெருவையே கூட்டிடுவேன்" என்று நிபந்தனை போட்டேன்.

உங்களுக்குத் தெரியாததா? கல்யாணமான நாளிலிருந்து நான் எதைக் கேட்டாலும் அவர் பதில் "ம்". ஆமாம் என்றாலும் "ம்", இல்லை என்றாலும் "ம்". அவர் போய்ப் படுத்துக்கொண்டு, "என்னத்தப் பேசறது?" என்றார். "எதையாவது" என்றேன். முதலில் கண்ணில் பட்ட போல்ட்டுகளைப் பற்றிச் சொன்னார். அது தீர்ந்ததும் ஹால் திரைச்சீலை வாங்கின நாளிலிருந்தே பிடிக்கவில்லை என்றார். பிறகு, "நீ சமையக்கட்டுல பாடறது எனக்குக் கேக்கும். அதுக்குத்தான் டிவி சத்தத்தக் குறைப்பேன்" என்றார். மாப்பிள்ளை, தானாகச் சத்தம் குறைகிறது என்று அந்த டிவிக்கு ரிப்பேர்காரரை வரவழைத்தவள் நான். அப்புறம் அவர், "உன்ன மொதமொதல்ல பாத்துட்டு வீட்டுக்குப் போனேன்ல, அன்னிக்கு எங்கப்பாகிட்ட என்ன சொன்னேன்னா" என்றார். அதோடு சத்தம் நின்றுவிட்டது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். எனக்கு உயிரே போய்விட்டது. வெளியே தெரிந்த இரண்டு காலையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். மனிதர் வந்தார், அவர் முழங்கை பட்டு எண்ணெய்த் தட்டு கவிழ்ந்தது, கழிவெண்ணெய் ஷெட் முழுக்க ஓடியது. அவர் வாயிலிருந்து ஒரு வாஷரை எடுத்து, "கீழ வச்சா தொலைஞ்சிடும்னு வாயில வச்சேன்" என்றார். நான் எண்ணெய்க்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும், முன்சக்கரத்துக்கு அடியில் கிடந்த பலகைகளைத் துடைத்துக் கட்டிலில் மாட்டினேன். அது தெரியாமல் இவர் மீதி வேலையை முடித்துக் காரை இறக்க, சக்கரத்துக்கு அடியில் பலகை இல்லாததால் கார் வந்து ஜாக்கியின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. ஜாக்கியை வெளியே இழுக்கவும் முடியவில்லை, கைப்பிடியை ஆட்டவும் இடமில்லை. கடைசியில் மெக்கானிக் அதைவிடத் தட்டையான ஒன்றைக் கொண்டுவந்து மீட்டார். காருக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் இனி அது இங்கே வேண்டாம். இன்னொரு தரம் அவர் காலைப் பிடித்து இழுக்க எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல், கூடுமானவரை தரைக்கு மேலேயே, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், காரை எடுக்க வேண்டாம். என்னைப் பார்த்துவிட்டுப் போன அன்று தன் அப்பாவிடம் என்னதான் சொன்னார் என்று காலையில் கேட்டேன், சாப்பிடும்போது கேட்டேன், விளக்கை அணைக்குமுன் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "ம்". ஆகவே அடியில் படுத்துச் செய்கிற வேலையாக, நிறைய நேரம் பிடிப்பதாகப் பார்த்து, நீங்களாகச் சொல்வதுபோல் அவரிடம் போனில் சொல்லுங்கள். பிரேக் மட்டும் வேண்டாம், அந்தக் காரில் என் மகளும் ஏறுவாள். வாஷரை இந்தத் தடவை நான் கையில் வைத்துக்கொள்கிறேன்.