கூழுக்கு ஓர் உயர் அதிகாரசபை

படிப்பு தலைக்கேறியவர்கள் வீட்டுச் சண்டையைத் தீர்க்கக் கிளம்பினால் யாராவது பிடித்துக் கட்டிவைக்க வேண்டும். என்னைக் கட்டிவைக்க அன்று ஒருவருமில்லை.

மொன்ட்ரியாலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில வருடங்களில் பிரான்சும் ஜெர்மனியும் இன்னும் நான்கு நாடுகளும் பேசிப் பேசி, தங்கள் நிலக்கரியையும் உருக்கையும் எந்த அரசுக்கும் கட்டுப்படாத ஓர் உயர் அதிகாரசபையிடம் ஒப்படைத்த கதைதான் என் ஆய்வு. ஆயுதம் செய்யும் பொருள் பொதுவில் போய்விட்டால் சண்டை எப்படி வரும்? அந்த யோசனையில் கிறங்கிக் கிடந்தேன். (குகனைக்கூட அவ்வளவு காதலித்தேனோ தெரியாது.)

குகன் எனக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன் இரு வீட்டாரும் அம்மா வீடு இருந்த லாசாலில் ஒரு பூங்காவில் கூடி பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியல் கூழ் காய்ச்சுவதென்று முடிவானது. யார் காய்ச்சுவது என்பதில்தான் வந்தது வினை. என் அம்மாவின் கூழில் உப்பே இல்லை என்பது புரோசார்டில் இருந்த மாமியின், அதாவது குகனின் அம்மாவின், கட்சி. மாமியின் கூழில் உறைப்பைத் தவிர ஒன்றுமில்லை என்பது அம்மாவின் கட்சி. ஒருவர் காய்ச்சினால் மற்றவர் வரமாட்டாராம். பேச்சும் நின்றுபோனது.

"இவை ரெண்டு பேரும் கதைக்காட்டி கலியாணத்தைத் தள்ளிப் போடுவம்," என்றான் குகன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்ததும் யோசனை வந்தது.

கூழ் காய்ச்ச ஒரே கிடாரம். நண்டு, மீன், ஒடியல் மா எல்லாம் இரு வீட்டாரும் கொண்டுவரலாம். உப்பும் மிளகாயும் புளியும் மட்டும் உயர் அதிகாரசபையின் கையில். சபை, நான். (முட்டை அவிக்கவே அம்மாவுக்கு ஃபோன் எடுக்கிறவள்.)

லாசாலுக்கும் புரோசார்டுக்கும் பஸ்ஸில் அலைந்து பேச்சுவார்த்தை நடத்தினேன். மாமி மிளகாயை விட்டுக்கொடுத்தால்தான் அம்மா புளியை விடுவாராம். ஒருவழியாக இருவரும் சம்மதித்தார்கள். அப்பா மட்டும், "நல்லா வந்தால் பேந்து சேருறன்," என்று அந்த நிலக்கரி ஒப்பந்தத்தில் சேராத அன்றைய பிரிட்டன் மாதிரியே ஒதுங்கிக்கொண்டார்.

பூங்காவில் கூழ் கொதித்தது. பெரிய தோரணையோடு உப்பை அளந்து போட்டுவிட்டு, வந்தவர்களை வரவேற்கப் போனேன். திரும்பி வந்து முதல் கோப்பையைக் குகனின் பெரியப்பாவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்தவர் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"பிள்ளை, கடல் தண்ணியைக் காய்ச்சினனீரோ?"

குகன் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் பக்கத்து டெப்பனர் கடைக்கு ஓடினான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"நான் அளந்துதான் போட்டனான்!" என்றேன்.

அம்மா மெல்ல வாயைத் திறந்தார். "இவளுக்குப் பதம் தெரியாது எண்டு நானும் ஒரு கை போட்டனான்."

"ஐயோ, நீங்களும் போட்டனீங்களோ?" என்றார் மாமி. "நானும் அப்பிடி நினைச்செல்லோ ஒரு கை போட்டனான்!" அவருடைய கைப்பைக்குள் உப்புப் பொட்டலம் ஒன்று இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் கல்யாணம் இத்தோடு சரி என்று நினைத்தேன். முதலில் அம்மாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு மாமிக்கு. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள்.

"அதுசரி, உன்னை ஆர் போடச் சொன்னது?" என்றார் அம்மா. மாமி தலையாட்டினார்.

அன்று எல்லோருக்கும் சாப்பாடு, அப்பா தனக்கென்று வாங்கி வைத்திருந்த பூட்டின்தான். சீஸும் குழம்பும் ஊற்றிய அந்த உருளைக்கிழங்கைப் பங்கு கேட்டு இரு வீட்டாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். மனுஷனுக்கு அப்படியொரு பெருமை.

கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. இன்றும் எங்கள் வீட்டில் கறி கொஞ்சம் கரித்தால், "சபை கூடினதோ?" என்கிறான் குகன். அம்மாவும் மாமியும் தினமும் ஃபோனில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று ஒருநாள் மாமியிடம் கேட்டேன்.

"வேறை என்ன பிள்ளை," என்றார், "உம்மைப் பற்றித்தான்."